கடல் கடந்த மருத்துவத் தொண்டும் உயிர்ப்பாதுகாப்பும்: ஐதராபாத் தொடர்பை முன்வைத்து (1899–1946)

முன்னுரை

அயல்நாட்டில் போர் மூண்டிருக்கும் வேளையில், அப்போரில் எப்பங்கும் இல்லாத ஒருவர், தம் விருப்பத்தாலேயே அங்குச் சென்று புண்பட்டோர்க்குத் தொண்டாற்றுதல் அண்மைக் காலத்து வழக்கமாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. இந்தியாவைப் பொறுத்தவரை இவ்வழக்கத்திற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் ஐதராபாத் நகரோடும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடும் தொடர்புடைய இருவர் சிறப்பிடம் பெறுகின்றனர். ஒருவர் டாக்டர் முக்தார் அகமது அன்சாரி (1880–1936). மற்றவர் சரோஜினி நாயுடு (1879–1949). 1912ஆம் ஆண்டின் துருக்கி மருத்துவக் குழுவும், 1914ஆம் ஆண்டின் இலண்டன் மருத்துவத் தொண்டர் படையும், 1938ஆம் ஆண்டின் சீன மருத்துவக் குழுவும் இவ்விருவரின் வாழ்க்கையோடு தொடர்புடையவை.

இக்குழுக்களின் வரலாறு பெரும்பாலும் அரசியல் வரலாற்றின் பகுதியாகவே எழுதப்பட்டுள்ளது. கிலாபத் இயக்கம், காங்கிரசின் அயலுறவுக் கொள்கை, ஆசிய ஒருமைப்பாடு ஆகிய தலைப்புகளின் கீழ் இவை இடம்பெறுகின்றன. ஆயின், செல்வோரின் உயிர்க்கு எவ்வகைக் காப்பு இருந்தது, அக்கவலையை அவர்களும் அனுப்பியோரும் எவ்வாறு எதிர்கொண்டனர், எதிர்பார்த்த இடர் எது, நேர்ந்த இடர் எது என்னும் வினாக்கள் தனியே எழுப்பப்படவில்லை. அவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். படைக்கலம் ஏந்திச் சென்றோரின் வரலாறு இதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஐதராபாத்தைச் சேர்ந்த ஆபித் அசன் 1943இல் நேதாஜியுடன் நீர்மூழ்கிக் கப்பலில் மேற்கொண்ட பயணம் போன்றவை அதனாலேயே இங்கு ஆராயப்படவில்லை.

தமிழ் மரபில் பிரிவும் புண்காப்பும்

தமிழ் இலக்கண மரபு, தலைவன் இல்லம் விட்டுப் பிரிவதற்குரிய காரணங்களை வரையறுத்துள்ளது. ஓதல், பகை, தூது, பொருள் என்பன அவற்றுள் தலையாயவை. கடல்வழிச் செலவு பெண்டிரோடு நிகழ்வதில்லை என்பதும் தொல்காப்பியம் சுட்டும் வழக்காகும். பிரிவு நேரும் போதெல்லாம் எஞ்சியிருப்போரின் அச்சமும் வழியின் கொடுமையும் பாலைத் திணைப் பாடல்களில் விரித்துரைக்கப்படுகின்றன. அவ்வகையில், பிரிந்து செல்வோரின் பாதுகாப்புப் பற்றிய கவலை தமிழ்க் கவிதையின் அடிப்படைப் பொருள்களுள் ஒன்று எனலாம்.

புண்பட்டோரைப் பேணும் செய்தியும் பழந்தமிழ் நூல்களில் உண்டு. மீனை நோக்கிக் குளத்தில் பாய்ந்தெழும் சிரல் பறவையின் இயக்கத்தை, விழுப்புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசிக்குப் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்து உவமையாக்குகிறது. புண்பட்ட வீரன் கிடக்கும் மனையில் வேப்பிலை செருகி, யாழ் இசைத்து, புகை எழுப்பிக் காக்கும் மகளிரை அரிசில் கிழாரின் புறநானூற்றுப் பாடல் (281) காட்டுகிறது. பேய் தீண்டாமல் மனைவி காக்கும் நிலையைத் தொடாக்காஞ்சி எனத் துறையாக வகுத்தனர்.

இச்சான்றுகளை ஒருங்கு நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. புண்காப்பு உறவின்பாற்பட்ட கடமையாக இருந்தது, காப்பவள் மனைவி, காக்கப்படுபவன் கணவன், இடம் சொந்த மனை. உறவற்றவனின் புண்ணைப் பேணுதற்பொருட்டுக் கடல் கடந்து பிரிதல் என்பது பிரிவுக் காரணங்களின் பட்டியலில் இல்லை. இந்தியர் அதனை நிறுவன முறையில் மேற்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயாகும்.

முன்னோடி நிகழ்வு: நேட்டால், 1899–1900

சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் நேட்டாலை அடைந்தது. அன்று தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் அந்நாட்டின் கரும்புத் தோட்டங்களை உருவாக்கினர். 1899இல் போயர் போர் மூண்டபோது காந்தியடிகள் இந்தியர் மருத்துவத் தொண்டர் படையை அமைத்தார். அவர்தம் தன்வரலாற்றின்படி அதில் 1,100 பேர் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 300 பேர் தளையற்ற இந்தியர். ஏனையோர் ஒப்பந்தக் கூலிகள். டாக்டர் பூத் என்னும் ஆங்கிலேயர் இவர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

இப்படையின் வரலாற்றில் இக்கட்டுரைப் பொருளுக்கு இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு. தொண்டர்கள் துப்பாக்கிச் சூட்டின் எல்லைக்குள் பணியாற்ற வேண்டியதில்லை என்பது தொடக்கத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நிபந்தனை. பயிற்சியும் படைக்கலமும் இல்லாத தோட்டத் தொழிலாளரை அனுப்புவதால் இக்காப்பு வேண்டப்பட்டது. ஆயின், 1900 சனவரியில் ஸ்பியன் காப் குன்றில் ஆங்கிலப் படை பேரிழப்பிற்கு உள்ளானபோது நிலைமை மாறிற்று. எல்லைக்குள் வரத் தொண்டர்கள் கடமைப்பட்டவர் அல்லர். வந்து புண்பட்டோரைத் தூக்கிச் சென்றால் அரசு நன்றி பாராட்டும் என்னும் கருத்துப்படத் தளபதி புல்லர் செய்தி விடுத்தார். தொண்டர்கள் இசைந்தனர். அந்நாள்களில் புண்பட்டோரைச் சுமந்துகொண்டு நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல் வரை நடந்தனர். தளபதி உட்கேட்டும் அவ்வாறு சுமந்து செல்லப்பட்டோருள் ஒருவர். ஆறு வாரப் பணிக்குப் பின்னர்ப் படை கலைக்கப்பட்டது. தலைவர்களாக இருந்த 37 பேர்க்குப் பதக்கம் வழங்கப்பட்டது.

இங்கு இரு கருத்துகள் எழுகின்றன. முதலாவது, பாதுகாப்பு எல்லை எழுத்தில் வரையறுக்கப்பட்டிருப்பினும் களத்தின் நெருக்கடியில் அது நெகிழ்ந்தது. நெகிழ்த்தும் முன்னர்த் தொண்டரின் இசைவு கேட்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. இரண்டாவது, அவ்விசைவு யாருடையது என்பது. ஒப்பந்தக் கூலிகள் தத்தம் முதலாளிகளின் இசைவோடு வந்தவர்கள். முதலாளியின் சொல்லை மறுக்கும் உரிமை அவர்களுக்கு எந்த அளவு இருந்தது என்னும் வினாவைத் தவிர்த்துவிட்டு அவர்களைத் 'தொண்டர்' என்று பொதுவாகச் சுட்டுதல் பொருந்தாது. பதக்கப் பட்டியல் தலைவர்களோடு நின்றுவிட்டமையும் இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்துகிறது.

ஐதராபாத்: கல்வியும் பயணமும்

நிசாம் ஆட்சிக் காலத்து ஐதராபாத் மருத்துவத் துறையில் உலக அரங்கோடு நெருங்கிய உறவு கொண்டிருந்தது. 1846இல் அங்கு மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. மயக்க மருந்தாகிய குளோரோஃபார்மின் பாதுகாப்பை ஆராய 1888, 1889ஆம் ஆண்டுகளில் இரு குழுக்கள் அங்குப் பணியாற்றின. அண்டை நகராகிய செகந்திராபாத்தில் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் ரொனால்டு ராஸ் மலேரியா நுண்ணுயிரைக் கொசுவின் உடலில் கண்டறிந்தார்.

1887இல் உருவான நிசாம் கல்லூரி 1947 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918இல் தோன்றுவதற்கு முன்னர், ஐதராபாத்து மாணவர் பட்டம் பெறுதற்குரிய வழி சென்னை வழியாகவே அமைந்தது. நிசாம் கல்லூரிக்கு முன்னோடியாகிய கல்லூரியை நடத்தியவர் சரோஜினியின் தந்தை அகோரநாத் சட்டோபாத்தியாயர். சரோஜினி தம் பன்னிரண்டாம் அகவையில் சென்னைப் பல்கலைக்கழக மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். 1895இல் நிசாமின் உதவித்தொகையோடு இங்கிலாந்து சென்றார்.

உத்தரப் பிரதேசத்துக் காசிப்பூர் மாவட்டம் யூசுப்பூரில் பிறந்த அன்சாரியின் குடும்பம் ஐதராபாத்திற்குக் குடிபெயர்ந்தது. அன்சாரி அங்கும் பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று 1905இல் எம்.டி., எம்.எஸ். பட்டங்களைப் பெற்றார், இலண்டன் லாக் மருத்துவமனையிலும் சேரிங் கிராஸ் மருத்துவமனையிலும் பணியாற்றினார். 1910இல் தாயகம் திரும்பி, சிலகாலம் ஐதராபாத்தில் தங்கிய பின்னர்த் தில்லியில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார்.

இவ்விருவரின் இளமை வரலாறும் ஒரே தடத்தில் அமைந்துள்ளமை கருதத்தக்கது. ஐதராபாத், சென்னை, இலண்டன் என்னும் மூன்று நகரங்களின் வழியே இருவரும் உருவாகினர். தொல்காப்பியர் கூறும் 'ஓதற்பிரிவு' இருவர்க்கும் முதற்கடற்பயணமாயிற்று. பின்னாளில் பிறர் துயர் துடைக்கக் கடல் கடக்கவும், கடப்போரை ஊக்கவும் இவர்கள் முன்வந்தமைக்கு இப்பயிற்சி ஓரளவு துணைநின்றது எனக் கொள்ளலாம். கடல் கடத்தல் இவர்களுக்கு அச்சந்தரும் புதுமையாக இருக்கவில்லை.

துருக்கி மருத்துவக் குழு, 1912–1913

1912 அக்டோபரில் முதற் பால்கன் போர் மூண்டது. உதுமானியப் படை விரைவில் பின்வாங்கி இஸ்தான்புல்லுக்கு மேற்கிலுள்ள சடால்ஜா அரண்வரிசையை அடைந்தது. நவம்பரில் அப்படையிடையே வாந்திபேதி பரவிற்று. ஆயிரக்கணக்கான அகதிகளும் நகருக்குள் புகுந்தனர். இச்செய்திகள் இந்திய முசுலிம்களிடையே பெருந்துயரை விளைவித்தன. முகமது அலி தம் 'காம்ரேட்' இதழின் வழியே நிதி திரட்டினார். மருத்துவக் குழு ஒன்றை அனுப்பத் திட்டமிடப்பட்டது. அதன் தலைமையை அன்சாரி ஏற்றார்.

குழு 1912 டிசம்பர் 15ஆம் நாள் பம்பாயிலிருந்து புறப்பட்டது. அன்சாரிக்கு அப்போது முப்பத்திரண்டு அகவை நிறைவதற்குப் பத்து நாள்களே இருந்தன. தில்லியில் அவர் தொழில் தொடங்கி இரண்டாண்டுகளே கழிந்திருந்தன. குழுவில் மருத்துவர்களோடு மருத்துவம் பயிலாத இளைஞரும் இடம்பெற்றனர். சௌத்ரி கலீக்குஸ்ஸமான், அப்துர் ரகுமான் சித்திக்கி, சுஐப் குரேஷி, அப்துர் ரகுமான் பெஷாவரி ஆகியோர் அலிகார் மாணவர்கள். படிப்பை இடையில் நிறுத்திவிட்டுச் சென்றவர்கள்.

இக்குழுவிற்கு இருந்த காப்பு யாது? 1906ஆம் ஆண்டின் செனீவா உடன்படிக்கை, தொண்டு நிறுவனங்களின் மருத்துவப் பணியாளரைப் படையின் மருத்துவப் பணியாளர்க்கு ஒப்பாகக் காக்க வேண்டும் என விதித்தது. நடுநிலை நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று போரிடும் நாட்டிற்கு உதவ விரும்பினால், தன் அரசின் முன் இசைவையும் அப்போர்நாட்டின் ஒப்புதலையும் பெறவேண்டும் என்பதும் அதன் விதி. உதுமானியர் சிலுவைச் சின்னத்திற்கு மாற்றாகச் செம்பிறைச் சின்னத்தை 1876 முதல் கையாண்டு வந்தனர். அச்சின்னம் உடன்படிக்கையில் முறையாக ஏற்கப்பட்டதோ 1929இல்தான். எனவே 1912இல் பம்பாயில் கப்பலேறிய குழுவின் காப்பு, விதியையும் அதனைவிட மிகுதியாக வழக்கத்தையும் சார்ந்திருந்தது எனலாம்.

களத்தின் நிலையோ நாளுக்கு நாள் மாறிற்று. டிசம்பர் 3ஆம் நாள் ஏற்பட்டிருந்த போர் நிறுத்தம், குழு இஸ்தான்புல்லை அடைந்து சில வாரங்களில் முறிந்தது. சனவரி 23ஆம் நாள் தலைநகரில் ஆட்சிக் கவிழ்ப்பு நிகழ்ந்தது. பிப்ரவரி 3ஆம் நாள் போர் மீண்டும் மூண்டது. மார்ச்சு 26ஆம் நாள் எடிர்னே கோட்டை வீழ்ந்தது. சூன் 11ஆம் நாள் தலைமை அமைச்சர் மகமூது செவ்கெத் பாஷா தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தனை மாற்றங்களுக்கும் இடையே புண்பட்ட வீரர்க்கும் அகதிகளுக்கும் மருத்துவம் செய்துவிட்டு, 1913 சூலையில் குழு தாயகம் திரும்பிற்று. புறப்படும் முன்னர் இவற்றுள் எதனையும் கணித்திருக்க இயலாது. திட்டமிட்ட பாதுகாப்பு எத்துணை வலிமை குன்றியது என்பதற்கு இக்காலநிரலே சான்று.

இதன் பொருட்டு அன்சாரி மேற்கொண்ட முறை நோக்கத்தக்கது. அவர் தொடர்ந்து எழுதிய மடல்கள் 'காம்ரேட்' இதழில் வெளியாயின. நிதி அளித்தோர்க்குக் கணக்கு ஒப்புவிக்கும் அறிக்கைகளாக அவை அமைந்தன. குழுவினரின் குடும்பங்களுக்கு அவர்கள் உயிரோடும் நலத்தோடும் உள்ளனர் என்னும் செய்தியையும் அவையே சுமந்தன. தந்திக் கட்டணம் மிக்க அக்காலத்தில், அச்சிட்ட மடல் ஒன்று பல குடும்பங்களின் கவலையை ஒருங்கே தணிக்கும் கருவியாயிற்று எனக் கொள்வது பொருந்தும்.

குழுவினர் அனைவரும் திரும்பவில்லை. பெஷாவரி துருக்கியிலேயே தங்கினார். உதுமானியப் படையில் சேர்ந்து கலிபோலியில் போரிட்டார். அனதோலு செய்தி நிறுவனத்தின் தொடக்கக் காலப் பணியாளராக விளங்கினார். காபூலுக்குத் துருக்கியின் தூதராகவும் சென்றார். 1925இல் இஸ்தான்புல்லில் சுடப்பட்டு இறந்தார். வேறொருவர் எனத் தவறாகக் கருதிச் சுட்டதாகக் கூறப்படுகிறது. போர்முனையில் நேராத இறப்பு அமைதிக் காலத்துத் தெருவில் அவர்க்கு நேர்ந்தது.

அன்சாரியின் பிற்கால வாழ்க்கை தமிழகத்தோடு மீண்டும் தொடர்பு கொண்டது. மாணவராகப் பயின்ற அதே சென்னை நகரில், 1927 டிசம்பரில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். 1928 முதல் 1936இல் மறையும் வரை ஜாமியா மில்லியாவின் வேந்தராக விளங்கினார். நாடறிந்த தலைவராக அவரை முதன்முதலில் உயர்த்தியது துருக்கிப் பயணமே.

இலண்டன் தொண்டர் படை, 1914

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. அப்போது இலண்டன் வந்தடைந்த காந்தியடிகள், அங்கிருந்த இந்திய மாணவரையும் மருத்துவரையும் கொண்டு மருத்துவத் தொண்டர் படையை அமைத்தார். ஏறத்தாழ எண்பது பேர் அதில் சேர்ந்தனர். டாக்டர் கேண்ட்லி ஆறு வாரக் காலம் முதலுதவிப் பயிற்சி அளித்தார். பயிற்சியின் முடிவில் தேர்வும் நடத்தப்பட்டது.

அப்போது சரோஜினி நாயுடு இலண்டனில் இருந்தார். லைசியம் என்னும் பெண்டிர் சங்கத்தினர் படைவீரர்க்கு ஆடை தைத்து வழங்கும் பணியை மேற்கொண்டிருந்தனர். அப்பணியில் சரோஜினி முழு ஈடுபாட்டோடு உழைத்ததையும், வெட்டிய துணிக் குவியலைத் தம்மிடம் தந்து தைத்துத் தருமாறு அவர் கேட்டதையும் காந்தியடிகள் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். கவிஞர் என அறியப்பட்ட ஐதராபாத்துப் பெண்மணி ஒருவரின் தொண்டு ஊசியும் நூலுமாக அமைந்தது. போர்க்களத்திற்குச் செல்ல இயலாதவர்க்கும் தொண்டில் இடமுண்டு என்பதனை இந்நிகழ்வு காட்டுகிறது.

இப்படைக்கு நேர்ந்த சிக்கல் பகைவரால் விளைந்தது அன்று. பொறுப்பதிகாரி, தொண்டர்களைக் கலந்துகொள்ளாமல் பிரிவுத் தலைவர்களை அமர்த்தினார். தொண்டர்கள் மறுத்தனர். தொண்டர் படைவீரரைப் போல ஆணைக்கு மட்டும் கட்டுப்பட்டவரா, தம் கருத்தைக் கேட்கும் உரிமை உடையவரா என்னும் வினா எழுந்தது. நெட்லி மருத்துவமனைக்குப் புண்பட்ட இந்திய வீரர் பெருந்தொகையாக வந்த நிலையில் தொண்டர்கள் பணிக்குச் சென்றனர். காந்தியடிகளோ நுரையீரல் உறைநோயால் துன்புற்று, 1914 டிசம்பரில் இங்கிலாந்தை விட்டு நீங்கினார்.

சீன மருத்துவக் குழு, 1938–1943

1937 சூலையில் சப்பான் சீனத்தின்மீது படையெடுத்தது. அவ்வாண்டு நவம்பரில் எட்டாவது வழிப்படையின் தளபதி சூ தே, மருத்துவ உதவி வேண்டி நேருவுக்கு மடல் எழுதினார். 1938இல் காங்கிரசுத் தலைவராக இருந்த சுபாசு சந்திர போசு நிதிக்கும் தொண்டர்க்கும் வேண்டுகோள் விடுத்தார். ஐந்து மருத்துவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அலகாபாத்தைச் சேர்ந்த மதன் மோகன்லால் அடல் தலைவர்; முன்னரே இசுபெயின் உள்நாட்டுப் போரில் மருத்துவத் தொண்டாற்றியவர். நாகபுரியின் சோல்கர், சோலாப்பூரின் துவாரகாநாத் கோட்னிஸ், கல்கத்தாவின் பி.கே. பாசு, தேபேஷ் முகர்ஜி ஆகியோர் ஏனையோர். பம்பாயில் நடைபெற்ற வழியனுப்பு விழாவில் சரோஜினி நாயுடு பங்கேற்றார். 1938 செப்டம்பர் 1ஆம் நாள் 'ராஜபுதனா' கப்பலில் குழு புறப்பட்டது.

குழுவின் பயணம் போர்முனை நகர நகர மாறிற்று. கேண்டன், ஹான்கௌ நகரங்களை அவர்கள் கடந்து சென்ற சில வாரங்களில் இரண்டும் சப்பானியர் வசமாயின. சுங்கிங் நகரில் சாந்திநிகேதனப் பேராசிரியர் தான் யுன்-சான் ஐவர்க்கும் சீனப் பெயர் சூட்டினார்; சீனத்தைக் குறிக்கும் 'ஹுவா' என்னும் சொல் ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் அமைந்தது. கோட்னிஸ் 'கே தி-ஹுவா' ஆனார். தந்தையின் மறைவுச் செய்தி அவர்க்குச் சீனத்தில் கிடைத்தது. ஏற்ற பணி முடியாமல் திரும்புவதில்லை என அவர் முடிவு செய்தார். 1939 பிப்ரவரியில் குழு யெனானை அடைந்தது.

ஓராண்டுக் காலத்திற்கெனத் திட்டமிடப்பட்ட தொண்டு இது. முகர்ஜி உடல்நலக் குறைவால் முதலில் திரும்பினார். அடுத்துச் சோல்கரும், 1940இல் அடலும் தாயகம் மீண்டனர். பாசு 1943 வரை தங்கினார். கோட்னிஸ் வடசீன மலைப்பகுதியில் கெரில்லாப் படைகளிடையே பணியாற்றி, 1941 சனவரியில் பெத்தூன் பன்னாட்டு அமைதி மருத்துவமனையின் இயக்குநரானார். அம்மருத்துவமனை, 1939 நவம்பரில் அறுவையின்போது விரலில் ஏற்பட்ட காயம் நஞ்சேறி மறைந்த கனடிய மருத்துவர் நார்மன் பெத்தூன் பெயர் தாங்கியது. கோட்னிஸ் 1941இல் செவிலியர் குவோ சிங்லானை மணந்தார். 1942 ஆகஸ்டில் மகன் பிறந்தான். இந்தியா, சீனம் ஆகிய இரு நாடுகளையும் குறிக்கும் 'யின்-ஹுவா' என்னும் பெயர் இடப்பட்டது. 1942 டிசம்பர் 9ஆம் நாள், வலிப்பு நோய் முற்றி, முப்பத்திரண்டாம் அகவையில் கோட்னிஸ் மறைந்தார்.

ஒப்பீடு: கவலையும் காப்பும்

மேற்கூறிய நான்கு நிகழ்வுகளையும் ஒப்பிடும்போது, பாதுகாப்புக் கவலையை எதிர்கொள்ள ஐவகை வழிகள் கையாளப்பட்டமை தெரியவருகிறது.

1. எல்லை வரையறை: துப்பாக்கிச் சூட்டின் எல்லைக்குப் புறத்தே பணி என்னும் நேட்டால் நிபந்தனை.
2. சட்டக் காப்பு: செனீவா உடன்படிக்கையும் மருத்துவச் சின்னமும்.
3. முன்பயிற்சி: பூத், கேண்ட்லி ஆகியோர் அளித்த பயிற்சி, அடலின் இசுபெயின் பட்டறிவு.
4. கால வரையறை: நேட்டாலில் ஆறு வாரம், சீனத்தில் ஓராண்டு எனப் பணிக்கு அமைந்த முடிவு.
5. செய்தித் தொடர்பு: மடல்களும் இதழ்களும்.

இவ்வைந்தும் பகைவரின் குண்டையே முதன்மை இடராகக் கருதி அமைந்தவை. நேர்ந்த இழப்புகளோ வேறு வகையின. நேட்டாலில் உடலை வருத்தியது நெடுந்தொலைவுச் சுமைநடை. துருக்கியில் படைகளை அழித்தது வாந்திபேதி. இலண்டனில் படையை அமைத்தவரே நோயுற்றார். சீனத்தில் முகர்ஜியைத் திருப்பி அனுப்பியதும் கோட்னிசின் உயிரைப் பறித்ததும் நோயே. பெத்தூனின் இறப்பிற்குக் காரணம் கையுறையற்ற விரலின் சிறு காயம். பெஷாவரியின் இறப்பு மட்டுமே துப்பாக்கியால் நேர்ந்தது. அதுவும் தொண்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து நேர்ந்ததாகும். தொண்டரின் சொந்த உடல்நலத்தைப் பேணுதல் யாருடைய பொறுப்பு என்பது எந்தக் குழுவிலும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. பிறர் புண்ணைப் பேணச் சென்றவர் தம் நோயைப் பின்தள்ளினர். இது தன்னலமின்மையின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. அனுப்பிய அமைப்புகளின் கவனக்குறைவாகவும் இது கருதப்படவேண்டும்.

இன்னொரு வேறுபாடும் நோக்கத்தக்கது. மருத்துவர்களும் மாணவர்களும் தம் விருப்பத்தால் சென்றனர். நோயுற்றால் திரும்பவும் முடிந்தது. நேட்டாலின் ஒப்பந்தத் தொழிலாளர்க்கு அத்தகைய உரிமை இல்லை. 'அஞ்சாமல் சென்றனர்' என்னும் புகழுரையை இருசாரார்க்கும் ஒரே அளவில் வழங்குதல் வரலாற்றுக்கு நீதி ஆகாது. செல்லாமலிருக்கும் உரிமை உடையவன் செல்வதே தொண்டாகும்.

தொடர்ச்சி

சீனத்திலிருந்து மீண்ட சோல்கர் 1946இல் மீண்டும் கடல் கடந்தார். இம்முறை அவர் தலைமையில் காங்கிரசு மருத்துவக் குழு மலாயாவிற்குச் சென்றது. சயாம்–பர்மா மரண இரயில்பாதையில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் மாண்டு, எஞ்சியோர் நோயுற்றிருந்த காலம் அது. ஜான்சிராணிப் படையில் பணியாற்றிய ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என அறியப்பட்டவர், அக்குழுவோடு இணைந்து பணிபுரிந்தார். தோட்டத் தமிழர் நேட்டாலில் பிறர் புண்ணைச் சுமந்தனர். அரை நூற்றாண்டு கழித்து மலாயாவில் தோட்டத் தமிழரின் புண்ணைப் பேணக் கடல் கடந்து மருத்துவர் வந்தனர். 1950 நவம்பரில் கொரியா சென்ற இந்தியப் படையின் 60ஆம் பாராசூட் கள மருத்துவப் பிரிவிற்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜும் தமிழரே. தனித் தொண்டர் ஆற்றிய பணியை விடுதலை பெற்ற நாட்டின் அரசு தன் பொறுப்பாக ஏற்றதன் அடையாளமாக அதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

புண்காப்பைக் குடும்பக் கடமையாகக் கண்ட பழந்தமிழ் மரபிலிருந்து, உறவற்றோர்க்கும் அதனை விரிக்கும் நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியரிடையே நிறுவன வடிவம் பெற்றது. அதன் தொடக்கத்தில் பெயரறியாத தமிழ், தெலுங்குத் தொழிலாளர் உள்ளனர்.

ஐதராபாத், சென்னை ஆகிய நகரங்களின் கல்விப் பிணைப்பு அன்சாரியையும் சரோஜினியையும் உருவாக்கிற்று. ஒருவர் குழுவை நடத்திச் சென்றார். மற்றவர் தைத்தும் வழியனுப்பியும் துணைநின்றார்.

பாதுகாப்புக் கவலை தொண்டைத் தடுக்கவில்லை, அதனை ஒழுங்குபடுத்திற்று. நிபந்தனை, பயிற்சி, கால எல்லை, மடல் ஆகிய அனைத்தும் அக்கவலையின் விளைவுகளே. ஆயின் அக்கவலை குண்டை நோக்கியிருந்தபோது நோய் மறுபுறமாக வந்தது.

நேட்டால் படையில் சுமை தூக்கிய தமிழ்த் தொழிலாளரின் பெயர்களை ஒப்பந்தப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுத் தொகுத்தல் தமிழாய்வாளர் மேற்கொள்ளவேண்டிய பணியாகும். கோட்னிஸ் போன்ற மருத்துவர்க்கு நினைவிடங்கள் உள்ளன. சுட்டெரிக்கும் வெயிலில் நாளொன்றுக்கு இருபத்தைந்து மைல் நடந்த அத்தொழிலாளர்க்குப் பெயர்ப்பட்டியலேனும் எழுதப்பட வேண்டும்.